வீட்டை வாடகைக்கு விடுகிறோமா, வியாபாரம் செய்கிறோமா?

பொத்துவிலிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அறுகம்பையில் அவரது மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் மூன்று அறைகளை உல்லாசப் பிரயாணிகளுக்குக் கொடுத்து வருகிறார். இணையத்தளம் மூலமாக ஆட்கள் வருகிறார்கள். காசு கட்டாரில் தொழில் செய்யும் மகனின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஊரில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடையும் உண்டு. "இது வீட்டு வாடகைதானே, இதற்கும் வரி உண்டா? டொலரில் வருகிற சல்லிக்கு வரி இல்லை என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்விகளை வெலிகமையிலும் காலிக் கோட்டையிலும் ஹிக்கடுவையிலும் எமது சகோதரர்கள் கேட்கிறார்கள். பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்னர் கெஸ்ட் ஹவுஸ் நடத்துவதென்றால் தனிக் கட்டிடம் வேண்டும், பெயர்ப் பலகை வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் நான்கு படங்களை ஏற்றினால் போதும், அடுத்த வாரம் ஜேர்மன்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். தொழில் அவ்வளவு இலகுவாகத் தொடங்கிவிடுவதால், தொழில் தொடங்கிவிட்டது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் ஒரு பக்கத்தை விருந்தாளிக்குக் கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரிச் சட்டம் அப்படி நினைப்பதில்லை.

வாடகை வேறு, வியாபாரம் வேறு

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வருமானத்தை வகை பிரித்துப் பார்க்கிறது. ஊழிய வருமானம், வியாபார வருமானம், முதலீட்டு வருமானம் என்று அவை போகின்றன. ஒரு வீட்டை ஒரு குடும்பத்துக்கோ கம்பனிக்கோ மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மாத முடிவில் காசை மட்டும் வாங்கிக்கொண்டால் அது முதலீட்டு வருமானம். ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் என்று அறையைக் கொடுத்து, படுக்கை விரிப்பு மாற்றி, துவாய் கொடுத்து, காலைச் சாப்பாடு போட்டு, ஆட்டோ பிடித்துக் கொடுத்து, இணையத்தளத்தில் விளம்பரமும் செய்தால் அது வியாபாரம். வீடு உங்களுடையதா, மனைவியுடையதா, மூன்று அறையா, முப்பது அறையா என்பதெல்லாம் அடுத்த கதை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? வாடகை வருமானம் பெறும் இலங்கை வதிவாளருக்கு, திருத்த வேலைகளுக்கும் தேய்மானத்துக்குமாக மொத்த வாடகையில் நூற்றுக்கு 25 வீதத்தைச் சட்டமே கழித்துக் கொடுக்கிறது. ஒரு பில்லும் காட்டத் தேவையில்லை. அதற்குப் பதிலாக உண்மையில் செய்த திருத்தச் செலவை வேறாகக் கேட்க முடியாது. வியாபாரமாக நடத்துபவருக்கு இந்த 25 வீதம் கிடையாது. அவர் செலவு ஒவ்வொன்றையும் கணக்கில் காட்டிக் கழிக்க வேண்டும். காட்டினால் 25 அல்ல, 60 வீதம் கூடக் கழியலாம். காட்டாவிட்டால் ஒன்றும் கழியாது. நாள் கணக்கில் அறை கொடுக்கும் சிலர் 25 வீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்கள். திணைக்களம் கோப்பை எடுத்துப் பார்க்கும் நாளில் அது நிற்காது.

டொலர் வந்தால் வரி இல்லையா?

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். இலங்கையில் இருந்துகொண்டு வெளிநாட்டில் பயன்படுத்தப்படும் சேவையைச் செய்து, அந்தப் பணத்தை வங்கியூடாக வெளிநாட்டு நாணயத்தில் பெறுபவர்களுக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வருமானத்துக்கும் ஆகக் கூடியது 15 வீத வரி வந்துவிட்டது. கொம்பியூட்டர் வேலை செய்யும் பிள்ளைகளுக்கான சலுகை அது. அவர்கள் எழுதும் நிரல் லண்டனில் பயன்படுகிறது. உங்கள் கட்டிலில் தூங்கும் வெள்ளைக்காரர் அறுகம்பையில்தான் தூங்குகிறார். சேவை இங்கேயே பயன்படுத்தப்பட்டுவிட்டது. ஆகவே டொலரில் வந்தாலும் யூரோவில் வந்தாலும் இது சாதாரண வியாபார வருமானம்தான். பணம் கிடைத்த நாளின் மாற்று விகிதத்தில் ரூபாவாக்கி எழுதுங்கள். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதைப் பார்த்தோம். அப்படியான காலத்தில் "வருடக் கடைசியில் ஒரு மதிப்பாகப் போட்டுக்கொள்ளலாம்" என்றால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

யாருடைய வருமானம்?

கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வீடு மனைவியின் பெயரில். ஆட்களை வரவேற்று, அறை கொடுத்து, சந்தைக்குப் போவது கணவர். இணையத்தளக் கணக்கைத் திறந்ததும் காசைப் பெறுவதும் மகன். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது எமது வழமை. ஆகவே இந்த மாதிரி அமைப்பு பொத்துவிலில் மட்டுமல்ல, பல குடும்பங்களில் இருக்கும்.

வீட்டை வெறும் வாடகைக்குக் கொடுத்தால் வாடகை வீட்டுச் சொந்தக்காரியின் வருமானம். வியாபாரமாக நடத்தினால் நடத்துபவரின் வருமானம். பணம் எவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பதால் அது அவருடைய வருமானமாகிவிடாது. ஆனால் திணைக்களமோ வங்கியோ முதலில் கேள்வி கேட்பது கணக்கின் சொந்தக்காரரிடம்தான். கட்டாரில் இருக்கும் மகன் நாளை இங்கே ஒரு காணி வாங்கும்போது, "இந்த முப்பது, நாற்பது இலட்சம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வாப்பாவின் கெஸ்ட் ஹவுஸ் காசு என்றால், வாப்பாவின் கோப்பு எங்கே என்பது அடுத்த கேள்வி. இன்று நடைமுறைக் கணக்குத் திறக்கவும், கட்டிட வரைபட அனுமதிக்கும், வாகனப் பதிவுக்கும், காணிப் பதிவுக்கும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம் கேட்கிறார்கள். எல்லாம் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டு வருகிறது.

எனவே முதல் வேலையாக, தொழிலை நடத்துவது யார் என்று குடும்பத்துக்குள் தீர்மானியுங்கள். அவர் பெயரில் டின் இலக்கம், அவர் பெயரில் வங்கிக் கணக்கு, அவர் பெயரில் இணையத்தளக் கணக்கு. தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தால் பிரதேச செயலகம் ஊடாகப் பதிந்துகொள்ளுங்கள். மனைவியே நடத்துவதானால் எல்லாம் மனைவியின் பெயரில் இருக்கட்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை, எமது ஊர்களில் எத்தனையோ ராத்தாமார் அப்படி நடத்துகிறார்கள்.

கணவன் மனைவிக்கு வரி தனித்தனியாகத்தான் கணிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விடுதொகை உண்டு. உடனே சிலர், "அப்படியானால் பாதியை மனைவியின் பெயரில் போட்டுவிடலாம்" என்பார்கள். உண்மையிலேயே இருவரும் கூட்டாக நடத்தினால், எழுத்தில் கூட்டு இருந்தால், பங்கு அவரவர் கைக்குப் போனால் சரி. பேப்பரில் மட்டும் பிரித்தால், அந்தப் பிரிவைத் தள்ளிவிடத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. இதில் ஒரு கணக்காளருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

கொப்பியில் இருக்கிறது இலாபம்

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று அறைகள். மே முதல் செப்டெம்பர் வரை ஏறக்குறைய 150 நாட்கள் சீசன். நூற்றுக்கு 60 வீதம் நிரம்பினால் 270 அறை இரவுகள். ஓர் இரவுக்கு 12 ஆயிரம் ரூபா என்றால் 32 இலட்சத்து 40 ஆயிரம். சீசன் இல்லாத காலத்தில் 7 ஆயிரம் ரூபாப்படி 30 இரவுகள், 2 இலட்சத்து 10 ஆயிரம். மொத்தம் 34 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா.

இங்கே ஓர் இடத்தில் நிற்க வேண்டும். மொத்த வரவு என்பது பிரயாணி கொடுத்த தொகை. இணையத்தளக் கம்பனி கொமிஷனைக் கழித்துவிட்டு உங்கள் வங்கிக்கு அனுப்பிய தொகையல்ல. சில தளங்கள் பிரயாணியிடம் தாமே பணத்தை எடுத்து, தமது பங்கைக் கழித்து மிச்சத்தை அனுப்பும். வேறு சில, பிரயாணியை உங்களிடமே காசு கொடுக்க விட்டு, மாத முடிவில் கொமிஷன் பில் அனுப்பும். இரண்டு முறையிலும் முழுத் தொகையை வரவிலும், கொமிஷனைச் செலவிலும் எழுத வேண்டும். அந்த பில் கொம்பியூட்டரில்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மாதாமாதம் அச்செடுத்து ஃபைலில் போடுங்கள். கணக்கு முடக்கப்பட்டாலோ பாஸ்வேர்ட் தெரிந்த பிள்ளை வெளிநாடு போய்விட்டாலோ அது கைக்கு வராது.

இனிச் செலவு. கொமிஷன் நூற்றுக்கு 15 என்று வைத்தால் 517,500 ரூபா. 300 இரவுகளுக்கும் இருவருக்குக் காலைச் சாப்பாடு 1,500 ரூபாப்படி 450,000. சலவை, சுத்திகரிப்பு இரவுக்கு 800 ரூபாப்படி 240,000. ஒரு உதவியாள், சேமலாப நிதி, நம்பிக்கை நிதிப் பங்குகளோடு மாதம் 50 ஆயிரப்படி ஆறு மாதத்துக்கு 300,000. மின்சாரம், தண்ணீர், இணைய இணைப்பு 280,000. பெயின்ட், குழாய், ஏசி திருத்தம் 250,000. சுற்றுலா அபிவிருத்தி வரி 34,500. எல்லாம் சேர்த்து 2,072,000 ரூபா. மிச்சம் 1,378,000. கட்டில், மெத்தை, ஏசி என்று 9 இலட்சத்துக்கு வாங்கியிருந்தால், அதை ஐந்து வருடத்துக்குப் பிரித்து வருடம் 180,000 ரூபா மூலதனப் படியாகக் கழிக்கலாம். அப்போது வரிக்குரிய இலாபம் 1,198,000.

கடையின் இலாபம் 15 இலட்சம் என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து 2,698,000. விடுதொகை 18 இலட்சத்தைக் கழித்தால் 898,000. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம்தான். ஆகவே வருட வரி 53,880 ரூபா.

அதே மனிதரிடம் ஒரு பில்லும் இல்லை, ஒரு கொப்பியும் இல்லை என்று வையுங்கள். இணையத்தளக் கம்பனியிடமும் வங்கியிடமும் வரவு மட்டும் சதம் பிசகாமல் இருக்கிறது. செலவை நிரூபிக்க முடியவில்லை. 34 இலட்சத்து 50 ஆயிரமும் இலாபமாகவே எடுக்கப்பட்டால், கடை வருமானத்தோடு 49 இலட்சத்து 50 ஆயிரம். விடுதொகை போக 31 இலட்சத்து 50 ஆயிரம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம், மிச்சம் 6 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு 36 வீதம். கூட்டிப் பாருங்கள், 654,000 ரூபா வருகிறது. தண்டப்பணம் இன்னும் சேரவில்லை.

53,880க்கும் 654,000க்கும் இடையில் இருப்பது ஒரு கொப்பியும் ஒரு பெட்டி நிறைய பில்லும்தான். மீன் சந்தையில் பில் தரமாட்டார்கள், பாண் கடையிலும் தரமாட்டார்கள் என்பது உண்மை. அன்றன்றைக்கு ஒரு வவுச்சர் எழுதி, திகதி, பொருள், தொகை போட்டு, முடிந்தால் விற்றவரின் கையொப்பமும் வாங்கி வையுங்கள். குடும்பமும் அதே வீட்டில் இருந்தால் மின்சார பில்லை முழுதாகச் செலவில் போட முடியாது. பிரயாணிகளின் பங்கை நியாயமாகப் பிரிக்க வேண்டும். அறைகளுக்கு வேறாக ஒரு சப் மீற்றர் பொருத்தினால் அந்தத் தகராறே இல்லை. பதிவேடுகளை ஐந்து வருடமாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

குத்தகைக்குக் கொடுத்தால்?

அதே வீட்டைக் கொழும்பிலிருந்து வரும் ஒருவர் மாதம் 75 ஆயிரப்படி வருடத்துக்கு 9 இலட்சத்துக்குக் கேட்கிறார், தளபாடமும் அவரே போடுகிறார் என்று வைப்போம். அந்த 9 இலட்சம் வீட்டுக்காரியான மனைவியின் முதலீட்டு வருமானம். 25 வீதம் கழிய 675,000. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் விடுதொகைக்குள் அடங்கிவிடும், வரி இல்லை. குத்தகை எடுப்பது கம்பனியாக இருந்து வாடகை மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டினால் அவர்கள் 10 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். அதற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த தொகை உங்கள் வரியில் கழிபடும்.

தானே நடத்தியவர் கையில் வரி போக 1,324,120 ரூபா. தளபாடத் தேய்மானம் 180,000 உண்மையான செலவுதான், மெத்தை ஐந்து வருடத்தில் போய்விடும். அதையும் கழித்தால் 1,144,120. குத்தகை 9 இலட்சத்தைவிட 244,120 கூட. சீசன் ஐந்து மாதமும் விடிய எழுந்து, நள்ளிரவு பஸ்ஸில் வருபவனுக்குக் கதவு திறந்ததற்குக் கிடைத்த கூலி மாதம் 49 ஆயிரம் கூட இல்லை. உதவியாளுக்குக் கொடுத்த 50 ஆயிரத்தைவிடக் குறைவு!

ஆகவே நடத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 60 வீதத்தை 75 ஆக்கினால் கணக்கு மாறும். நேரடியாக வரும் பழைய வாடிக்கையாளர் கூடினால் கொமிஷன் குறையும். நான் துணி வியாபாரி. விற்காத பீஸ் அடுத்த பெருநாள் வரை ராக்கையில் இருக்கும், கழிவு போட்டாவது விற்கலாம். நேற்று இரவு விற்காத அறையை இன்று எவருக்கும் விற்க முடியாது. கட்டிட விலையை மட்டும் பார்த்து, எத்தனை இரவு நிரம்பும் என்று பார்க்காமல் நகையை ஈடு வைத்து நாலாவது அறை கட்டுபவர்களைக் காணும்போது மனம் கேட்பதில்லை. கடலோரமாக இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் புதிதாகக் கட்ட கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிரதேச சபை அனுமதி மட்டும் போதாது.

பதிவும் மற்ற வரிகளும்

சுற்றுலாத் துறைக்குப் பொறுப்பாக இருப்பது 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. பெரிய ஹோட்டல்களை மட்டும்தான் பதிவார்கள் என்று நினைக்க வேண்டாம். கெஸ்ட் ஹவுஸ், வீட்டோடு தங்குமிடம், பங்களா, வாடகை வீடு, வாடகை அடுக்குமாடி வீடு என்று சிறியவர்களுக்கும் வகைகள் இருக்கின்றன. பதிந்தால் மொத்த வரவில் ஒரு வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரியாகக் கட்ட வேண்டும். இலாபத்தில் அல்ல, வரவில். இதற்குப் பயந்துதான் பலர் பதியாமல் இருக்கிறார்கள். எங்கள் உதாரணத்தில் அது வருடத்துக்கு 34,500 ரூபா, அதாவது மூன்று இரவு வாடகை. பதிவுள்ள இடம் என்றால் முகவர்கள் துணிந்து ஆள் அனுப்புவார்கள், வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் மரியாதையாகப் பேசும். என்னைக் கேட்டால் பதிவதுதான் இலாபம். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும் சோலை வரியும் வழமை போல. வருபவர்களின் கடவுச்சீட்டு விபரம், வந்த நாள், போன நாள் எழுதிய பதிவேடும் இருக்கட்டும். பொலிஸாருக்கும் அது உதவும், உங்கள் வரவுக் கணக்குக்கும் அதுவே சாட்சி.

வற் என்னும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். வருட வரவு 6 கோடியைத் தாண்டுபவர்கள் பதிய வேண்டும் என்று அதே நாளிலிருந்து வந்தது. 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரிக்கும் அதே எல்லைதான் இருந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் இரண்டையும் 2026 ஏப்ரல் முதல் 3 கோடியே 60 இலட்சமாகக் குறைக்கப் பிரேரித்தார்கள். மூன்று அறைக்காரருக்கு இரண்டும் தூரம். ஆனால் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. இணையத்தளத்தில் வீட்டைப் பதியும்போது, "வற் எவ்வளவு, சேவைக் கட்டணம் எவ்வளவு" என்று கேட்கும். பக்கத்து ஹோட்டலைப் பார்த்து 18 வீதம், 10 வீதம் என்று போட்டுவிடுகிறார்கள். வற் பதிவு இல்லாதவர் வற் என்ற பெயரில் ஒரு ரூபாவும் வாங்கக் கூடாது. வாங்கினால் அது உங்கள் காசல்ல, அரசின் காசு. சேவைக் கட்டணம் என்று வாங்கி நீங்களே வைத்துக்கொண்டால் அதுவும் உங்கள் வரவில் சேரும்.

சீசன் முடிந்த பிறகு வரும் தவணை

எமது வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அறுகம்பைக்காரருக்கு இதில் ஒரு வசதி, முழுச் சீசனும் ஒரே வரி ஆண்டுக்குள் விழுகிறது. வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிவதால் கடைசிப் பகுதி அடுத்த ஆண்டுக்குள் போய்விடும், திகதி பார்த்து எழுத வேண்டும். வசதி அதோடு சரி. வரியை மதிப்பிட்டு நான்கு தவணையாகக் கட்ட வேண்டிய நாட்கள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்சம் இருந்தால் செப்டெம்பர் 30க்குள். கணக்கு விபரத் திரட்டு நவம்பர் 30க்குள். கையில் காசு புரளும் காலத்தில் வருவது ஆகஸ்ட் தவணை ஒன்றுதான். நவம்பரில் மழை, பெப்ரவரியில் அறை வெறுமை, மே மாதத்தில் பெயின்ட் அடிக்கக் காசு தேடுகிற நேரம். ஆகவே ஒவ்வொரு பிரயாணியின் காசு வந்ததும் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் உதாரணக்காரருக்கு வரவில் நூற்றுக்கு இரண்டு வைத்தாலே வருமான வரி முடிந்துவிடுகிறது. சுற்றுலா வரியோடு மூன்று.

அதைவிடப் பெரிய பங்கு ஒன்றைக் கெட்ட வருடத்துக்காக ஒதுக்க வேண்டும். 2018இல் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பும் அதன் பின்னர் கொரோனாவும் வந்து, 2021இல் அது 2 இலட்சத்துக்கும் கீழே போனது. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த வருடமே ஒக்டோபர் 23ஆம் திகதி அறுகம்பை பற்றி அமெரிக்கத் தூதரகம் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்ததும் பிரயாணிகள் பெட்டியைக் கட்டியதை ஊரே பார்த்தது. சீசன் முடிவில் வந்ததால் தப்பினோம், ஜூலையில் வந்திருந்தால்? வங்கித் தவணை அப்போதும் வரும். ஒரு முழுச் சீசன் ஆள் வராவிட்டாலும் குடும்பச் செலவும் கடன் தவணையும் ஓடுமா என்று பார்த்துவிட்டே புதிய அறைக்கு அத்திவாரம் வெட்ட வேண்டும்.

ஸகாத் பற்றியும் சிலர் கேட்டார்கள். அரசுக்கு வரி கட்டியதால் ஸகாத் தீர்ந்துவிடாது, அது வேறு கடமை. வாடகைக்கு விடும் வீட்டின் பெறுமதிக்கு ஸகாத் இல்லை, அதிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் பணத்துக்குத்தான் என்று உலமாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் தொகையைச் சொல்லி ஊர் மௌலவியிடம் விளக்கம் பெறுங்கள். எழுதி வைத்த கணக்கு இருந்தால் அவருக்கும் பதில் சொல்வது இலகு.

கடைசியாக, மது பாவனை. "எங்கள் வீட்டில் குடிக்க விட முடியாது, சொன்னால் ஆள் வரமாட்டார்களே" என்பது பலரின் தயக்கம். இணையத்தளங்களில் வீட்டு விதிகள் என்று ஓர் இடம் இருக்கிறது. மது கூடாது, இரவு பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது என்று அங்கே தெளிவாக எழுதுங்கள். படித்துவிட்டு வருபவர் விரும்பியே வருகிறார். அமைதியான இடம் தேடும் குடும்பங்களும் இருக்கின்றன. எழுதாமல் விட்டு, ஆள் பெட்டியோடு வந்து நின்ற பிறகு வாசலில் சொன்னால் அவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார், போகும்போது ஒரு நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போவார். அந்த ஒற்றை நட்சத்திரத்தை அழிக்க இரண்டு சீசன் ஆகும்.